பத்து மாத ராஜா

செஞ்சிக் கோட்டை யாருடையது என்று அப்பகுதியில் யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: ராஜா தேசிங்கு. கோன் மரபினர், நாயக்கர், பிஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் கைமாறிய கோட்டை அது. தேசிங்கு அதைத் தன் வசம் வைத்திருந்ததோ 1714ஆம் ஆண்டில் ஏறத்தாழப் பத்து மாதங்கள்.

அவன் தமிழனும் அல்லன். தேஜ் சிங் என்ற புந்தேல ராஜபுத்திரன். எட்டாண்டு முற்றுகைக்குப் பின் 1698இல் சுல்பிகர் கான் மராட்டியரிடமிருந்து கோட்டையைக் கைப்பற்றினார். பின்னர் ஔரங்கசீப் கோட்டைத் தலைவராக அமர்த்தியவர் தேசிங்கின் தந்தை சொரூப் சிங். தந்தை இறந்ததும் மகன் பொறுப்பேற்றான். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் நிலுவைத் திறையைக் கேட்டார். ஏட்டுக் கணக்கின்படி பார்த்தால், ஒரே பேரரசின் இரு அதிகாரிகளிடையே மூண்ட பாக்கித் தகராறு இது. 1714 அக்டோபர் 3 அன்று சில நூறு குதிரைவீரரோடு பெரும்படையை எதிர்த்துச் சென்று இளைஞனாகவே மாண்டான் தேசிங்கு.

கோட்டையில் களஞ்சியங்களையும் கல்யாண மகாலையும் விட்டுச்சென்ற நாயக்கர்களுக்கு இப்படியொரு பாட்டு வாய்க்கவில்லை. கிருஷ்ணப்ப நாயக்கர் சிதம்பரத்தில் கோவிந்தராஜர் சன்னிதித் திருப்பணி செய்தபோது, அதை எதிர்த்துச் சிலர் கோபுரத்திலிருந்து குதித்து உயிர்விட்டதாக 1597இல் அங்கு வந்த யேசு சபைப் பாதிரியார் பிமெண்டா எழுதியிருக்கிறார். நெடுநாள் ஆண்டவனிடம் குடிகளுக்கு இப்படி ஏதாவதொரு வழக்கு இருக்கும். தேசிங்குக்கோ வரி விதிக்கவும் நேரமிருக்கவில்லை, வெறுப்பைச் சம்பாதிக்கவும் நேரமிருக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் நாட்டார் தங்களுக்கு வேண்டிய அரசனை வைத்துக்கொண்டார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது.

எப்படிப்பட்ட அரசன் என்பதைக் கதைப்பாடலில் பார்க்கலாம். அங்கே தேசிங்குக்கு உயிர்த்தோழன் மகபத்கான் என்ற முஸ்லிம். போருக்கு அழைப்பு வந்ததும் தன் திருமணத்தை விட்டு ஓடிவருகிறவன். இந்து அரசன், முஸ்லிம் நவாபு என்று இன்று கதையைக் குறுக்கப் பார்ப்பவர்களுக்கு இந்த மகபத்கான் பெரிய இடைஞ்சல். பாட்டைச் சிதைக்காமல் அவனை வெளியேற்ற முடியாது. (குதிரை நீலவேணியையும்தான்.)

அரசர்களின் மானியத்தை நாடாளுமன்றம் 1971இல் ஒழித்தது. அரச வேடத்தின் மவுசை அது குறைத்ததாகத் தெரியவில்லை. 1960இல் திரையில் தேசிங்காக நடித்த எம்.ஜி.ஆரை 1977இல் தமிழ்நாடு முதலமைச்சராக்கியது. அந்தப் படம்தான் காரணம் என்று சொல்லவில்லை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. பட்டியலில் அது மராட்டிய இராணுவ நிலக்காட்சியின் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்று. மற்ற பதினொன்றும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை. 1677இல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்திய கோட்டையாதலால் அது நியாயமே. ஆயினும் ஊரார் வருகிறவர்களை அழைத்துப்போய்க் காட்டுவது செட்டிக்குளத்தின் கரையிலுள்ள மேடையை. தேசிங்கின் உடல் எரிந்ததும் அவன் மனைவி உடன் தீப்பாய்ந்ததும் அங்கேதான் என்பார்கள்.