12 நாளில் எடுத்த படம்: ஸ்பைக் லீயின் தொடக்கம்

'ஷீஸ் காட்டா ஹேவ் இட்' ஸ்பைக் லீ இயக்கிய முதல் முழுநீளப் படம். 1986இல் அமெரிக்காவில் வெளியானது. நியூயார்க்கின் புரூக்ளினில் வாழும் நோலா டார்லிங் ஒரே காலத்தில் மூன்று ஆண்களுடன் பழகுகிறாள். அவள் தனக்கு மட்டுமே வேண்டும் என்று மூவரில் ஒவ்வொருவனும் கேட்கிறான். இறுதியில் அவள் ஒருவருக்கும் இணங்கவில்லை. சிரிப்பும் கசப்பும் கலந்த கதை.

கைவிட்டுப்போன இன்னொரு படமே இதற்கு வித்து. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது, முடிதிருத்தகம் ஒன்றைக் களமாக வைத்து லீ எடுத்த படத்துக்கு மாணவர் ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆனால் விருதைப் பார்த்து வாய்ப்பு எதுவும் தேடி வரவில்லை. 1984இல், சைக்கிளில் கடிதம் கொண்டுபோகும் இளைஞனைப் பற்றி 'மெசஞ்சர்' என்ற படத்தைத் தொடங்க முயன்றார். பணம் சேராமல் அதுவும் நின்றது. அடுத்த கதையை எழுதும்போதே செலவைக் கணக்கிட்டார்: சில பாத்திரங்கள், நடந்து சென்றுவிடும் தொலைவில் சில இடங்கள், பெரும்பகுதி பேச்சு. படத்தின் வடிவத்தை முடிவுசெய்தது இந்த வறுமைதான். அதன் அழகும் அங்கிருந்தே வந்தது.

1985 ஜூலையில் புரூக்ளினின் ஃபோர்ட் கிரீன் பகுதியில் 12 நாள்களில் படப்பிடிப்பு முடிந்தது. உடன் படித்த எர்னெஸ்ட் டிக்கர்சன் சூப்பர் 16 ஃபிலிமில் கறுப்பு வெள்ளையில் ஒளிப்பதிவு செய்தார். ஒரு நடனக் காட்சி மட்டும் வண்ணத்தில் வரும். ஜாஸ் கலைஞரான தந்தை பில் லீ இசையமைத்தார், தங்கை ஜோய் லீ நடித்தார். காதலர்களில் ஒருவனான வாயாடி மார்ஸ் பிளாக்மனாக நடித்தவர் லீயே. மொத்தச் செலவு சுமார் 1,75,000 டாலர். மாநிலக் கலை மன்றம் 18,000 டாலர் தந்தது. மீதிக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டார்கள். குளிர்பானம் குடித்த டப்பாக்களைக்கூடப் படக்குழு எறியவில்லை. திருப்பிக் கொடுத்தால் டப்பாவுக்கு 5 சென்ட் கிடைக்கும்.

பாத்திரங்கள் கேமராவை நேராகப் பார்த்து, நோலாவைப் பற்றி ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஒரே நிகழ்வைப் பலர் பலவிதமாகச் சொல்லும், ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் 'ராஷோமான்' இதற்குத் தூண்டுதல் என்று லீ கூறியிருக்கிறார். அதைவிடப் புதுமை, போதையும் துப்பாக்கியும் இல்லாமல், படித்த கறுப்பினத்தவர் தங்கள் தெருவில் காதலித்து, சண்டையிட்டு, கேலி பேசி வாழ்வதைக் காட்டியது. அன்றைய ஹாலிவுட் திரையில் இது மிக அரிது.

1986 கான் விழாவில் இயக்குநர்கள் பிரிவில் திரையிடப்பட்டு இளைஞர் விருது பெற்றது. ஆகஸ்டில் ஐலண்ட் பிக்சர்ஸ் வெளியிட, அமெரிக்காவில் 70 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. மார்ஸ் பிளாக்மன் பின்னர் மைக்கேல் ஜோர்டனுடன் நைக்கி விளம்பரங்களிலும் தோன்றினான்.

ஆயினும் காதலன் ஜேமி நோலாவைப் பலவந்தப்படுத்தும் காட்சி, ஒரு பெண்ணின் சுதந்திரத்தைப் பேசவந்த படத்துக்குப் பெரிய களங்கம். அதை எடுத்ததற்காக வருந்துவதாக 2014இல் லீயே சொன்னார். 2017இல் இதே கதையை நெட்ஃபிளிக்ஸ் தொடராக எடுத்தபோது அக்காட்சியை விட்டுவிட்டார். மூலப்படம் 2019இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.