மண்ணிலிருந்து வந்த மருந்து

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் மணல் நிலத்தில் அமைந்த ஊர் பெரியகல்லாறு. அவ்வூரிலும் சரி, உலகின் வேறெவ்வூரிலும் சரி, பெண்கள் தாயிடத்தும் சொல்லத் தயங்கும் நோயொன்றுண்டு. பெண்ணுறுப்பில் அடங்காத நமைச்சல், எரிவு, தயிர்த் திரளை போன்ற வெள்ளைபடுதல் ஆகியன அதன் குறிகள். உடற்சூடு என்பர் சிலர். ஒழுக்கக்கேடு என்பர் வேறு சிலர். இரண்டும் பிழை. உடலில் இயல்பாகவே வாழும் ‘கன்டிடா’ என்னும் பங்கசு அளவுமீறிப் பெருகுவதே காரணம்.

1849ஆம் ஆண்டிலேயே வில்கின்சன் என்பார் இப்பங்கசைப் பெண்ணுறுப்பிற் கண்டு எழுதினார். ஆயினும் ஏற்ற மருந்து கிட்ட நூறாண்டு சென்றது. அதுவரை ஊதாச்சாயம் பூசுவதே பெருவழக்காயிருந்தது. அது உடையையும் கறைப்படுத்தியது. பெனிசிலின் முதலியன பரவியபின் நிலைமை மோசமாயிற்று. அவை பற்றீரியாக்களைக் கொன்றன. தடையின்றிப் பங்கசு தழைத்தது.

அவ்வேளையில் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், இரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர் முன்வந்தனர். ஒருவர் நியூயோர்க் நகரிலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்து, ஆய்வுப்பொருள்களைத் தபாலில் பரிமாறிக்கொண்டனர். வர்ஜீனியாவின் பாற்பண்ணை மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரொன்று அவர்கள் தேடிய மருந்தைத் தந்தது. 1950இல் அறிவிக்கப்பட்ட அதற்கு, நியூயோர்க் மாநிலத்தின் நினைவாக ‘நிஸ்டட்டின்’ எனப் பெயரிட்டனர். அது பங்கசின் கலமென்சவ்வைத் துளைத்து அழிக்கும். உரிமைப்பணம் முழுவதையும் அவ்விருவரும் அறிவியல் ஆராய்ச்சிக்கே ஈந்தனர். பின்னர் ஜெர்மனியில் ‘குளோத்திரிமசோல்’ பிறந்தது. உள்ளே வைக்கும் வில்லையாகவும் களிம்பாகவும் இன்று மருந்துக்கடைகளில் கிடைப்பது அதுவே.

மருந்து பிறந்தாற் போதாது. ஏழைக்கு எட்டவும் வேண்டும். இலங்கையில் பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்துப்பொருட்கள் கூட்டுத்தாபனம் எழுந்தது. வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயராலேயே மருந்து வாங்கும் வழியை அது வகுத்தது. மூலப்பெயரை அறிந்த பெண் குறைந்த விலைக்கும் கேட்டு வாங்கலாம்.

எனினும், வெள்ளைபடுதல் யாவும் பங்கசாலன்று. தீநாற்றமோ காய்ச்சலோ அடிவயிற்று நோவோ உண்டெனில் காரணம் வேறாகலாம். முதன்முறை கண்டவரும், கருவுற்றவரும், அடிக்கடி நோயுறுவோரும் வைத்தியரை நாடல் வேண்டும். மீண்டும் மீண்டும் வருவது மறைந்திருக்கும் நீரிழிவின் குறியாகவும் இருக்கலாம். நாணத்தால் மறைத்தவருக்குக் களிம்பு கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் பயன் இல்லை.