அஞ்சலில் வந்த நூல்நிலையம்

இலண்டன் பல்கலைக் கழகம் 1858ஆம் ஆண்டில் பெற்ற அரசுச் சாசனம் கல்வியுலகில் ஒரு பெருங்கதவைத் திறந்தது. மருத்துவம் நீங்கலாக ஏனைய பட்டங்களுக்குக் கல்லூரி வாயிலை மிதியாதவரும் தேர்வு எழுதலாம் என்றாயிற்று. பெண்டிர்க்கு அவ்வுரிமை கிட்டியது 1878இல்தான்; அது தனிக்கதை. தேர்வெழுத இடம் கிடைத்தது, சரி, படிப்பதற்கு நூல்? ஊரில் நூல்நிலையம் இல்லாதவன் தன் கைப்பொருளையே நம்ப வேண்டியிருந்தது.

இக்குறையைக் களைய முனைந்தவர் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ். தச்சர் மகன், 14 வயதில் பள்ளியை விட்டவர். 1903இல் மனைவி வீட்டுச் செலவிலிருந்து எடுத்துத் தந்த இரண்டரை ஷில்லிங்கை முதலாகக் கொண்டு தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1908இல் ராச்டேல், லாங்டன் என்னும் தொழில் நகரங்களில் ஆர். எச். டானி என்பார் வகுப்பு நடத்தினார். பகலெல்லாம் உழைத்த கைகள் இரவில் பொருளியல் கட்டுரை எழுதின. கட்டுரைக்கு நூல் வேண்டுமன்றோ? ஆசிரியர் இரயிலேறி வரலாம், நூல்நிலையம் வருமா?

1916இல் அதுவும் வந்தது. கார்னகி அறநிலையத்தின் துணையோடு மான்ஸ்பிரிட்ஜ் இலண்டனில் மாணவர் மைய நூல்நிலையம் நிறுவினார். வேறெங்கும் நூல் பெற வழியற்றவர்க்கு, அவர் வகுப்பில் பயின்றாலும் தனித்துப் பயின்றாலும், அது இரவல் தந்தது; அஞ்சற்காரர் கொண்டு சேர்த்தார். சாசனத்துக்கும் இதற்கும் இடையே கழிந்தவை 58 ஆண்டுகள்!

1931இல் அது தேசிய மைய நூல்நிலையமாயிற்று. தன்னிடம் இல்லாத நூலையும் பிற நூல்நிலையங்களில் தேடிப் பெற்றுத் தருவது அதன் தலையாய பணி. 1973இல் பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது.