‘கொண்ட’ என்னும் சொல்லில் குடியிருக்கும் தலைநகர்

சொற்சுவை அறிந்தவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டால், கோபுர வாயிலில் காலெடுத்து வைக்கும் முன்பே ஊர்ப்பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘கங்கைகொண்ட’ என்பதில் வல்லினமும் மெல்லினமும் முரசுபோல் மாறிமாறி அதிர, ‘சோழபுரம்’ என்பதில் ழகரம் இழைந்து அந்த அதிர்வை அடக்குகிறது. முதலாம் இராசேந்திரனின் படை 1023ஆம் ஆண்டையொட்டிக் கங்கை வரை சென்று மீண்டபின் எழுந்து, ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிய ஊர் இது.

கங்கா என்னும் வடசொல்லின் ஆகார ஈற்றை, சீதா சீதையானதுபோல, ஐகாரமாக்கித் தன்வயப்படுத்தியது தமிழ். ‘கங்கையைக் கொண்ட’ என்று விரிக்கையில் தோன்றும் ககர ஒற்று, உருபு தொக்கதும் தானும் விலகி, ‘கங்கைகொண்ட’ என்று சொல்லை இழையவிடுகிறது. பெயரின் உயிர்நிலை, ‘கொள்’ என்னும் நம் வேர். கொள்முதல், கொள்கலம், கொள்கை, கொள்ளை என வாங்கல், அடக்கல், மனத்திருத்தல், பறித்தல் அத்தனைக்கும் அது இடந்தருகிறது. கல்வெட்டுகளில் முதலாம் பராந்தகன் ‘மதிரை கொண்ட’ கோப்பரகேசரி. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனோ ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட’வன். அங்கெல்லாம் கொள்ளுதல் என்றால் வெல்லுதல். ஆற்றை எப்படிக் கொள்வது? வென்ற மன்னர்களைக் கொண்டே கங்கைநீரைச் சுமந்துவரச் செய்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதால், வெற்றியும் நீர்முகத்தலும் ஒரே வினையில் வந்து கூடிவிட்டன.

இனிக் கோயிலுக்குள் போவோம். இறைவன் இல்லத்தின் பழம்பெயர் கங்கைகொண்ட சோழீச்சரம். கருவூர்த் தேவரின் திருவிசைப்பாவில் அதுவே ‘சோளேச்சரம்’ என்று ளகரம் பெற்று நிற்பதைக் கவனியுங்கள். இன்றும் பலர் நாவில் நேரும் ழகர ளகர மயக்கத்துக்கு அங்கே ஓர் ஏட்டுச் சான்று இருக்கிறது. கோயில் என்ற சொல்லும் அன்று கோவின் இல்லத்தையும் குறித்தது. அந்தக் கோவின் இல்லம் இருந்த இடம் தென்மேற்கே மாளிகைமேடு. வீரராசேந்திரன் காலக் கல்வெட்டில் ‘சோழகேரளன் திருமாளிகை’ என்று ஓர் அரண்மனை பெயர் பெற்றிருக்கிறது. அகழ்ந்தபோது செங்கற்சுவர்களும் கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. ‘திரு’ உதிர்ந்து ‘மேடு’ ஒட்டிக்கொண்டதில் ஓர் அரசின் ஏற்றமும் இறக்கமும் அடங்கிவிடுகின்றன. பக்கத்து ஊர் உட்கோட்டை. கோட்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ‘உள்’ என்பதன் ளகரம் ககரத்தைக் கண்டு டகரமாய்த் திரிந்து, அந்த உள்ளரணைப் பெயரில் காத்துவருகிறது.

அடுத்தது, நீராலான வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும் சோழகங்கம் என்னும் ஏரி. சோழனும் கங்கையும் ஒருசொல் நீர்மைத்தாய்க் கலந்த அந்தப் பெயர் ஏட்டோடு நின்றுவிட, ஊரார் வாயில் அது ‘பொன்னேரி’ ஆகிவிட்டது. அரசன் சூட்டிய பெயர் வெற்றியைப் பேசியது. உழவர் சூட்டிய பெயர் ஏரியைப் பேசுகிறது.

திரும்பும் வழியில் செயங்கொண்டம் வரும். செயங்கொண்ட சோழபுரம் என்ற நெடும்பெயரில் சோழனும் புரமும் உதிர்ந்துபோக, தனித்து நின்ற ‘கொண்ட’ என்னும் பெயரெச்சம் தான் தழுவிய பெயரை இழந்தும் தளராமல், ஒரு மகரமெய்யைச் சேர்த்துக்கொண்டு பெயர்ச்சொல்லாகிவிட்டது. நெல்லைச் சீமையிலோ கங்கைகொண்டான் என்றோர் ஊர் ‘ஆன்’ ஈறேற்று வினையாலணையும் பெயராய் நிற்கிறது. கொண்ட, கொண்டம், கொண்டான்: ஒரே வினையின் மூன்று வடிவங்களும் நாள்தோறும் பேருந்துப் பலகைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அரண்மனையைத் தாங்கிய செங்கல்லைவிட இந்த வேர்ச்சொல் உறுதியானது என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம்.