எட்டு எழுத்தும் ஒரு சட்டமும்

ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கற்கருவிகள் கிடைத்தன. உலகில் எழுத்து பிறப்பதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் முன்பே இந்த மண்ணில் கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள். எழுத்து அவ்வளவு பிந்தி வந்தது. பேச்சு குழந்தைக்குத் தானாக வரும். வாசிப்பு அப்படியல்ல, ஒவ்வொரு பிள்ளையும் புதிதாகப் பழக வேண்டும்.

'வடக்குப்பட்டு' என்ற பெயரில் எட்டு எழுத்து, அதில் மூன்று ஒற்று. 'ட'வுக்கும் 'ப'வுக்கும் ஒரு கோடுதான் வேறுபாடு. டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளை இதை எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த வரிக்குப் போய்விடும். அப்படித் தடுமாறும் பிள்ளைக்குத்தான் 'மக்கு' என்ற பட்டம்.

1896-இல் ஆங்கிலேய மருத்துவர் பிரிங்கிள் மார்கன் இப்படி வாசிக்கத் தடுமாறிய ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். 14 வயது, கெட்டிக்காரன், கணக்கு வரும். 'பெர்சி' என்ற தன் பெயரையே 'ப்ரெசி' என்று எழுதினான்.

நம் சட்டம் இந்தக் குறைபாட்டைப் பெயர் சொல்லி ஏற்க 120 ஆண்டுகள் ஆயின. சென்னையில் 1990களின் தொடக்கத்திலேயே மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் உருவாகிவிட்டது. ஆனால் 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் ஏழு வகைகளில் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டுக்கு இடமில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலை 21 ஆக்கி அதையும் சேர்த்தது; 2017 ஏப்ரல் 19 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன் 16-ஆம் பிரிவு முக்கியமானது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும், அங்கீகாரம் மட்டும் பெற்ற தனியார் பள்ளியானாலும், கற்றல் குறைபாட்டை இளம் வயதிலேயே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும். 17-ஆம் பிரிவு தேர்வைத் தொடுகிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஒருவர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு.

2018-இல் மத்திய அரசு கற்றல் குறைபாட்டுச் சான்றிதழுக்கு வழி வகுத்தது. மூன்றாம் வகுப்பில், அல்லது எட்டு வயதில், பிள்ளையின் சிரமத்தை முதலில் கவனிக்க வேண்டியவர் ஆசிரியர். குழந்தை மருத்துவரும் உளவியலாளரும் அதற்குப் பிறகுதான். ஆசிரியர் கவனிக்கத் தவறினால் மற்ற கதவுகள் எதுவும் திறப்பதில்லை.

சான்றிதழ் கையில் இருந்தும் தவித்தவர்கள் உண்டு. 2021 நீட் தேர்வில், எழுதுவதில் குறைபாடுள்ள ஒரு மாணவிக்கு உரிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படவில்லை, விடைத்தாளை வாங்கிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த தீர்ப்பு மறுதேர்வுக்கு உத்தரவிடவில்லை. நேர்ந்த அநீதியைச் சரிசெய்யும் வழியை ஒரு வாரத்துக்குள் ஆராயுமாறு தேர்வை நடத்திய முகமைக்குச் சொன்னது.