சேலம், நாமக்கல் சமவெளியில் குதிரைக்கு இடம் தேடிய காலம்

குதிரையோடு ஊர் மாறுகிறவர், போய்ச் சேரும் ஊரில் அதைக் கட்டணத்துக்கு விட்டுவைக்கும் பொது லாயத்தைத் தேடிக்கொள்வது பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நகரங்களில் எளிதாக இருந்தது. சேலம், நாமக்கல் சமவெளியில் குதிரை வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் படையினரும் அரசு அதிகாரிகளும் வசதி படைத்த ஒரு சிலருமே ஆதலால், அத்தகைய தொழில் இங்கே தனியாக வேரூன்றியதாகத் தெரியவில்லை. குதிரையின் இருப்பிடம் கட்டடத்தைவிட, அதனுடன் நடந்து வந்த ஆளையே சார்ந்திருந்தது.

1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் பகுதியும் சேலமும் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. நிர்வாகத்தை ஏற்ற அலெக்சாண்டர் ரீடும், அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோ, மக்ளவுட், கிரகாம் ஆகியோரும் இராணுவ அதிகாரிகள். நிலத்தை அளந்து தீர்வை விதிப்பதே அவர்களுடைய பெரும்பணி என்பதால் ஆண்டில் பெரும்பகுதி கூடாரமும் குதிரையுமாக ஊர் ஊராகச் சென்றுகொண்டிருந்தார்கள். சங்ககிரி, நாமக்கல் கோட்டைகள் படைக்குரியவை. பயண அதிகாரியின் குதிரைக்கோ ஊர்ப்புறத்து மாந்தோப்போ புளியந்தோப்போ போதும். பத்துப் பன்னிரண்டு மைலுக்கு ஒரு தங்கல், அதாவது ஒரு நாள் நடையின் முடிவில் இளைப்பாறும் இடம், என்று கணக்கிட்டு, நிழலும் கிணற்று நீரும் உள்ள தோப்பாகப் பார்த்து முளையடித்து, கழுத்துக் கயிறும் பின்கால் கயிறும் இட்டுக் குதிரையைக் கட்டுவார்கள்.

குதிரையைத் தேய்த்துத் துடைத்துத் தீனி வைப்பவனைச் சென்னை மாகாணத்தில் குதிரைக்காரன் என்றார்கள். வடக்கே சயீஸ் எனப்பட்டவனும் இவனே. புல் கொண்டுவர இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் குதிரைக்காரனின் மனைவியே அந்த வேலையைச் செய்தாள். மழை குறைந்த இந்தச் சமவெளியில் பசும்புல் ஆண்டு முழுவதும் கிடைக்காது என்பதால், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் அருகம்புல்லை வேரோடு கொத்தியெடுத்து, மண் போக அலசிக் கட்டாகக் கட்டிக் கொண்டுவருவதே வழக்கம். தானியத்துக்குக் குறைவில்லை; மானாவாரி நிலத்தில், அதாவது மழையை மட்டும் நம்பிய புன்செயில், விளையும் கொள்ளை ஊறவைத்தோ வேகவைத்தோ கொடுத்தார்கள். அந்தக் கொள்ளில் ஒரு பங்கு குதிரைக்காரன் வீட்டு அடுப்புக்குப் போய்விடும் என்ற சந்தேகத்தால், மாலையில் தாழ்வாரத்துக்கு எதிரே, தம் கண்முன்னாலேயே தீனி வைக்கச் சொன்ன துரைமார் பலர். அந்த ஆளுக்குக் கொடுத்த சம்பளத்தைப் பார்த்தால், சந்தேகத்தைவிடக் கொள்ளே நியாயமானது என்று தோன்றும்.

1871-ஆம் ஆண்டின் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884-ஆம் ஆண்டின் உள்ளூர் வாரியச் சட்டமும் வந்தபின் சாலை, சத்திரம், முசாபரி பங்களா ஆகியவற்றின் பராமரிப்பு உள்ளூர் வாரியங்களின் பொறுப்பாயிற்று. முசாபரி பங்களா என்பது பயணத்தில் உள்ள அதிகாரிகள் கட்டணம் செலுத்தித் தங்கும் விடுதி. அதன் பின்புறத்தில் சமையற்கட்டோடு குதிரைக்கென ஒரு கொட்டகையும் இருப்பது வழக்கம். ஆனால் அங்கே கிடைத்தது கூரை மட்டுமே. புல்லும் கொள்ளும் ஆளும் குதிரைக்கு உரியவரின் பொறுப்பு.

1860-களின் தொடக்கத்தில் சென்னை ரயில்வேயின் தென்மேற்குப் பாதை சேலத்தை எட்டியதும், நெடுந்தூர மாற்றத்தில் குதிரையை நடத்திச் செல்லும் தேவை குறைந்தது. குதிரைக்கென்று தனிப் பெட்டி இருந்தது, குதிரைக்காரனும் அதிலேயே உடன் செல்லலாம். நாமக்கல்லுக்கு இந்த வசதி கிட்டவில்லை. சேலம்–கரூர் பாதையில் அந்த ஊர் வழியே ரயில் ஓடத் தொடங்கியதே 2013-இல்தான். ஆகவே சேலத்தில் இறங்கிய குதிரை அங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவுள்ள தூரத்தைச் சாலை வழியாகத்தான் கடந்தாக வேண்டும்.

அதே ரயில் சேலத்தில் குதிரைகளைப் பெருக்கவும் செய்தது. நிலையம் ஊருக்கு வெளியே சூரமங்கலத்தில் அமைந்ததால், பயணிகளை ஊருக்குள் கொண்டுவர ஜட்கா எனப்படும் ஒற்றைக் குதிரை வண்டிகள் தேவைப்பட்டன; லாயம் என்பது அதிகாரியின் வீட்டுப் பின்கட்டிலிருந்து வண்டிக்காரரின் தெருவுக்கு இடம் மாறியது. நெருக்கமான தெருவில் பல குதிரைகள் நிற்கும்போது சாணமும் ஈயும் மட்டுமல்லாமல் நோயும் கவலைக்குரியதாகிறது. மூக்கில் சீழ் வடியச் செய்து மனிதரையும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயைத் தடுக்க 1899-இல் இந்திய அரசு ஒரு சட்டம் இயற்றி, குதிரைகளைப் பரிசோதிக்கவும் நோயுற்றவற்றை அழிக்கவும் அதிகாரம் அளித்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமோ, ஆதாயத்துக்காக நாற்கால் பிராணிகளை வைத்திருக்கும் லாயம், கொட்டகை, முற்றம் ஆகியவற்றுக்கு உரிமம் பெற வேண்டும் என்றது. பிறர் குதிரையைக் கூலிக்கு வைத்திருக்கும் தொழிலுக்குச் சட்டத்தில் தெளிவான இடம் கிடைத்த அந்தக் காலம், மோட்டார் பேருந்து சாலைக்கு வரத் தொடங்கியிருந்த காலமும் ஆகும்.

அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த ஓசூரின் கதையும் குதிரையின் தேவை குறைந்ததையே காட்டுகிறது. இராணுவத்துக்குக் குதிரை வளர்த்துத் தருவதற்காக 1824-இல் அங்கே தொடங்கப்பட்ட பண்ணை, 1924-இல் கால்நடைத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு மாட்டுப் பண்ணையாயிற்று. இன்று இப்பகுதியில் குதிரை வாங்க விரும்புவோர் ஆடி மாதத்தில் பவானிக்கு அப்பாலுள்ள அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குச் செல்கிறார்கள். வாங்கிய குதிரையைக் கட்டுவதற்குப் பொது லாயம் இல்லாததால், அது பெரும்பாலும் தோட்டத்து மாட்டுக் கொட்டகையின் ஓரத்தில், மாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பொறுப்பிலேயே நிற்கிறது.