தஞ்சாவூர் வீணையின் விளிம்பு வேலைப்பாடு: தந்தம் முதல் பிளாஸ்டிக் வரை

இசைக்கருவி வரலாற்றில் தந்தியும் மெட்டும் பெற்ற கவனத்தை விளிம்பு பெற்றதில்லை. தஞ்சாவூர் வீணையைப் பற்றிய எழுத்துகள் இரகுநாத நாயக்கர் காலத்தையும், 24 மெட்டுகளையும், பலாமரத்தையும் விரித்துரைக்கும். மேற்பலகையைச் சூழ்ந்து செல்லும் வெண்பட்டையை 'அழகு வேலைப்பாடு' என்னும் ஒரு தொடரில் முடித்துவிடும். எனினும், ஒரு வீணையின் காலத்தைக் கணிக்க அப்பட்டை தரும் சான்றை உடல்மரம் தருவதில்லை. ஒரே மரத்தில் குடையப்பட்டதாயினும் ஒட்டுவீணையாயினும் அது பலாவே; தலைமுறைகள் பல கடந்தும் அம்மரம் மாறவில்லை.

பட்டையோ மாறியது. முன்னர்த் தந்தமும் மான்கொம்பும் மெல்லிய தகடுகளாக அறுக்கப்பட்டுப் பதிக்கப்பெற்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்யப்பட்ட திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. ஆப்பிரிக்கத் தந்தம் என்ற வழி அதன் பின்னரும் திறந்திருந்தது. 1991இன் திருத்தம் அதனையும் அடைத்தது. 2003இல் உச்சநீதிமன்றம் இத்தடையை உறுதிசெய்தது. தந்தத்தின் இடத்தைப் பிளாஸ்டிக் தகடு நிரப்பியது. பட்டை நாதத்தைத் தாங்கும் உறுப்பன்று. ஆதலின் இம்மாற்றத்தை இசைவாணர் பெரிதாக எதிர்க்க வேண்டிய தேவை எழவில்லை எனக் கருதலாம்.

மைசூரின் பதிப்புவேலை இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. அங்கும் ஈட்டிமரத்தில் தந்தம் பதிக்கும் மரபு இருந்தது. அரண்மனைக் கதவுகள் அதற்குச் சான்று. தந்தம் நீங்கியபின் அங்குப் பிளாஸ்டிக்குடன் பல நிற மரத்துண்டுகளும் இடம்பெற்றன. தஞ்சை வீணையோ வெண்மையை விடவில்லை. பொருளை மாற்றியும் தந்தத்தின் தோற்றத்தையே நாடியது. (பிளாஸ்டிக்கின் முன்னோடியான செல்லுலாய்டு, 1860களில் அமெரிக்காவில் பில்லியர்ட்சு பந்துகளுக்குத் தந்தத்தின் மாற்றாகவே தேடப்பட்டது என்பது சுவையான ஒற்றுமை.)

இவற்றைப் பிரித்தறிதல் அரிதன்று. தந்தத்தின் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நுண்கோடுகள் தெரியும். எலும்பில் நுண்துளைகள் காணப்படும். செல்லுலாய்டைத் தேய்த்துச் சூடேற்றின் கற்பூர மணம் எழும். ஆயினும் பட்டை ஒன்றை மட்டுமே கொண்டு முடிவு கூறலாகாது. பழைய வீணையில் உதிர்ந்த தந்தத்திற்கு ஈடாகப் புதிய தந்தம் வாங்க வழியில்லாமையால், பழுதுபார்ப்பவர் பிளாஸ்டிக்கையே பதிக்க நேரும். எஞ்சிய தந்தத்தையும் ஒருசீர்மை கருதி அகற்றிவிட்டால், அக்கருவி தன் வயதுக்குரிய சான்றை இழந்துவிடும். அருங்காட்சியகங்கள் வீணைகளைப் பதிவுசெய்கையில், பட்டையின் பொருளையும், அது மூலப்பட்டையா பின்னர்ப் பதிக்கப்பட்டதா என்பதையும் தனித்தனியே குறித்தல் வேண்டும்.